வீட்டில் எல்லோரும் சேர்ந்து சாப்பிட, பழைய முறையில் இனிப்போடு ஒரு இரவுச் சாப்பாடு என்ன சமைக்கலாம்?

ஆறு பேருக்கு, ஞாயிறு இரவு, அந்தக் காலத்துச் சமையலாக இருக்க வேண்டும், கடைசியில் ஒரு இனிப்பும் வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். திருநெல்வேலிச் சொதி செய்யுங்கள், சோற்றில் ஊற்றிச் சாப்பிடுகிற தேங்காய்ப்பால் குழம்பு அது. கூடவே இஞ்சிப் பச்சடி, காரமாக ஒரு உருளைக்கிழங்குப் பொரியல், அப்பளம். இனிப்புக்குப் பால் பாயசம். இதற்கு மேல் எதையும் சேர்க்காதீர்கள். சாம்பார், ரசம், கூட்டு என்று அடுக்கினால் சமைத்தவர் பந்தியில் உட்காரும்போது அரை உயிராக இருப்பார்.

சொதி எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு மறுநாள், மறுவீட்டு விருந்தில் பெண் வீட்டார் போடுகிற சாப்பாடு. புளி கிடையாது, மிளகாய்த்தூள் கிடையாது. தேங்காய்ப்பால்தான் எல்லாம்.

முதலில் பாயசத்தை அடுப்பில் ஏற்றிவிடுங்கள், அதற்கு நேரம் ஆகும். ஒரு லிட்டர் கெட்டிப் பாலைப் பெரிய குக்கரில் காய்ச்சி, கழுவிய பச்சரிசி 50 கிராம், சர்க்கரை 150 கிராம் போட்டு மூடுங்கள். குக்கரில் பாதிக்கு மேல் பால் நிற்கக் கூடாது. வெயிட் போட்டு, விசில் வராத அளவுக்குத் தீயை நன்றாகக் குறைத்து நாற்பது நிமிடம் விடுங்கள். ஆவி தானாக அடங்கியபின் திறந்தால் பால் சுண்டி இளஞ்சிவப்பாக இருக்கும். ஏலக்காய்கூட வேண்டாம், அந்தப் பால் வாசனையே போதும். பாசிப்பருப்புப் பாயசம்தான் எனக்கு அதிகம் பிடிக்கும். ஆனால் அதிலும் தேங்காய்ப்பால். சொதியோடு அதையும் சாப்பிட்டால் வயிறு கேட்காது.

இனி சொதி. இரண்டு தேங்காயைத் துருவி, கொஞ்சம் வெந்நீர் விட்டு மிக்ஸியில் அடித்து, துணியில் பிழிந்து முதல் பால் எடுங்கள். ஒன்றரை டம்ளர் கிடைத்தால் போதும். அதைத் தனியாக மூடி வையுங்கள். அதே சக்கையில் இரண்டாம் பால், மூன்றாம் பால். பாக்கெட் பாலிலும் செய்யலாம்தான், ஆனால் அந்த மணம் வராது.

பாசிப்பருப்பு 100 கிராம் குழைய வேகட்டும். இரண்டு அங்குல இஞ்சியையும் எட்டு பச்சை மிளகாயையும் விழுதாக அரைத்துக்கொள்ளுங்கள். தேங்காய் எண்ணெயில் சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் முழுசு முழுசாக வதக்கி, முருங்கைக்காய், கேரட், பீன்ஸ், பட்டாணி, உருளைக்கிழங்கு போட்டு, உப்போடு மூன்றாம் பாலில் வேகவிடுங்கள். பொரியலும் உருளைக்கிழங்கு, இதிலும் உருளைக்கிழங்கா என்றால், ஆமாம், இதுவரை யாரும் குறை சொன்னதில்லை. காய் வெந்ததும் விழுதும் பருப்பும் சேர்த்து, இரண்டாம் பால் விட்டு ஒரு கொதி.

இதற்குப் பிறகு பக்கத்தை விட்டு நகரக் கூடாது. தீயைக் குறைத்து முதல் பாலை ஊற்றிக் கிளறிக்கொண்டே இருங்கள். பாத்திரத்தின் ஓரத்தில் சின்னச் சின்னதாக நுரை கட்டும், அந்த நொடியில் அடுப்பை அணைத்துவிட வேண்டும். கொதித்தால் பால் திரிந்து, எண்ணெய் தனியாக மேலே மிதக்கும். முதல் பால் ஊற்றிவிட்டால் எங்கள் ஆச்சி அடுப்படியை விட்டு அசையமாட்டாள். வாசலில் யார் கூப்பிட்டாலும், "ஏலே, யாருன்னு போய்ப் பாரு" என்பதோடு சரி. எலுமிச்சைச் சாறு பிழிவதும் சூடு கொஞ்சம் தணிந்தபிறகுதான். கொதிக்கக் கொதிக்கப் பிழிந்தாலும் திரியும். கடைசியில் கடுகு, சீரகம், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டுங்கள். மஞ்சள் தூள் போடுகிறவர்களும் உண்டு. எனக்குச் சொதி வெளுப்பாக இருந்தால்தான் சொதி.

இஞ்சிப் பச்சடியை விட்டுவிடாதீர்கள். தேங்காய்ப்பால் மந்தம், அதைச் செரிக்க வைப்பதற்குத்தான் இது. 100 கிராம் இஞ்சியைப் பொடியாக நறுக்கி நல்லெண்ணெயில் சிவக்க வதக்கி, பச்சை மிளகாய், புளிக்கரைசல், உப்பு, வெல்லம் சேர்த்துச் சுண்டவிட்டால் ஆயிற்று. காலையிலேயே செய்து வைக்கலாம். ராத்திரியில் இஞ்சி ஆகாது என்று பெரியவர்கள் யாராவது முகம் சுளிப்பார்கள். அதனால் எங்கள் வீட்டில் சொதி என்றால் ஏழு மணிக்கே இலை போட்டுவிடுவோம். உங்கள் வீட்டில் எல்லோரும் ஒன்பது மணிக்குத்தான் வந்து சேருவார்கள் என்றால், இதைப் பகலுக்கு மாற்றுங்கள்.

சோறு கொஞ்சம் குழைவாக இருக்கட்டும். உதிரியாக வடித்தால் சொதி சோற்றில் நிற்காமல் இலையில் ஓடும். யாராவது தாமதமாக வந்தால் சொதியை மறுபடி அடுப்பில் வைக்காதீர்கள். அகலமான பாத்திரத்தில் வெந்நீர் ஊற்றி அதற்குள் வைத்தால் தானாகச் சூடேறும். பாயசம் மிஞ்சினால் ஃப்ரிட்ஜில் வையுங்கள், மறுநாள் இறுகியிருந்தால் கொஞ்சம் காய்ச்சிய பால் விட்டுக் கலக்கிக்கொள்ளலாம். சொதியை மட்டும் அன்றைக்கே தீர்த்துவிடுங்கள்.