மாட்டுப் பண்ணையிலிருந்து செனட்டுக்கு: ஆவணம் தேடக் காசு கொடுக்க வேண்டுமா?

கேள்வி: டென்வரில் வசிக்கிறோம். எட்டாம் வகுப்பு படிக்கும் மகள் பள்ளி வரலாற்றுப் போட்டிக்கு வயோமிங்கைச் சேர்ந்த ஜான் கென்ட்ரிக்கைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள். மாடு ஓட்டி வந்தவர் செனட்டரான கதை. ஓர் இடத்தில் 1916-இல் செனட்டரானார் என்றிருக்கிறது, இன்னோர் இடத்தில் 1917. மூல ஆவணம் கட்டாயம் என்கிறார் ஆசிரியர். 'அசல் ஆவணத் தொகுப்பு' என்று ஓர் இணையதளம் நூறு டாலருக்கு மேல் கேட்கிறது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். 'இலவச சோதனை' என்று சொல்லி கார்டு நம்பர் வாங்கியிருந்தால் இன்றைக்கே ரத்து செய்துவிடுங்கள், அடுத்த மாதத்திலிருந்து தானாகவே பணம் பிடிப்பது இந்த மாதிரி இடங்களில் வழக்கம். தொகுப்புக்குள் என்ன இருக்கும்? மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒரு பக்கம், ஒன்றிரண்டு நிலப் பட்டா, சில பத்திரிகைத் துணுக்குகள், ஏதோ பழைய புத்தகத்தில் வந்த வாழ்க்கைக் குறிப்பு. இவையெல்லாம் பெரும்பாலும் அரசும் நூலகங்களும் இலவசமாகத் திறந்து வைத்திருப்பவை. அந்தக் கடைசியோ இலவசமாகவே வந்தாலும் அப்படியே நம்பக்கூடாதது, அதற்கு வருகிறேன்.

முதலில் வருடம். இரண்டுமே சரி. 1916 நவம்பரில் மக்கள் ஓட்டுப் போட்டார்கள், அப்போது அவர் மாநில ஆளுநர். செனட் பதவிக்காலம் தொடங்கியது 1917 மார்ச் 4. அந்தக் காலத்தில் மார்ச் 4-தான் கணக்கு. ஜனவரி 3 என்று மாறியதெல்லாம் அரசியல் சட்டத்தின் 20-ஆவது திருத்தத்துக்குப் பிறகு. தேர்தல் ஆண்டு, பதவியேற்ற ஆண்டு என்று இரண்டு வரியாக எழுதச் சொல்லுங்கள், குழப்பம் தீர்ந்தது. வயோமிங் மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டு அனுப்பிய முதல் செனட்டர் அவர்தான் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம், அதற்கு முன்பு மாநில சட்டமன்றம்தான் தேர்ந்தெடுத்தது.

வாழ்க்கைக் குறிப்புக்கு அமெரிக்கக் காங்கிரஸே நடத்தும் உறுப்பினர் அகராதி இணையத்தில் இருக்கிறது. 1857-இல் டெக்சாஸில் பிறப்பு, 1879-இல் மாட்டு மந்தையோடு வயோமிங்குக்கு வந்தது, 1910-இல் மாநில செனட், 1915-இல் ஆளுநர், 1933 நவம்பர் 3-இல் செனட்டராக இருக்கும்போதே மரணம், எல்லாம் அந்த ஒரு பக்கத்திலேயே அடங்கிவிடும். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து உறவினர் வீட்டில் வளர்ந்தவர். யாருடைய மந்தையை ஓட்டி வந்தாரோ அந்த முதலாளியின் மகள் யூலாவையே 1891-இல் கல்யாணம் செய்துகொண்டார். அந்த அகராதியில் முக்கியமானது இன்னொன்று உண்டு: அவருடைய கடிதங்களும் கோப்புகளும் எந்தக் காப்பகத்தில் இருக்கின்றன என்று சொல்லிவிடும். பலர் அதைப் பார்க்காமலே பணம் கட்டுகிறார்கள்.

இப்போது அந்தப் பழைய புத்தகம். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலும் 'மாவட்ட வரலாறு', 'மாநிலப் பெரியோர்' என்று தடித்தடியாகப் புத்தகங்கள் போட்ட பதிப்பகங்கள் அமெரிக்கா முழுக்க இருந்தன. ஏஜெண்டு ஊர் ஊராகப் போவான், வசதியான பண்ணைக்காரரைப் பார்த்து முன்பணம் வாங்கிக்கொள்வான், அவர் தன்னைப் பற்றி என்ன சொல்கிறாரோ அதையே அழகான நடையில் அச்சடித்துவிடுவார்கள், படம் போட வேண்டுமானால் தனிக் காசு. அதனால்தான் அந்தப் பக்கங்களில் எல்லாருமே ஏழையாகப் பிறந்து, நேர்மையால் உயர்ந்து, ஊரே மதிக்கும் மனிதராக இருக்கிறார்கள். நூறு வருடம் கழித்து அதே பக்கத்தை ஸ்கேன் செய்து 'அசல் ஆவணம்' என்று விற்கிறார்கள், அதை வைத்துக் குழந்தைகள் கட்டுரை எழுதுகிறார்கள். எனக்கு இதில் உண்மையாகவே கோபம் உண்டு. ஒருவர் தன்னைப் பற்றித் தானே சொன்னது என்ற குறிப்போடு வேண்டுமானால் பயன்படுத்துங்கள், வேறு எதற்கும் சாட்சியாக வைக்காதீர்கள்.

கென்ட்ரிக்கின் பண்ணை இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் என்று வரும் கணக்கையும் கவனமாக எழுதச் சொல்லுங்கள். பண்ணைக்காரர்களின் ஏக்கர் கணக்கில் சொந்த நிலமும் குத்தகை நிலமும் கலந்தே வரும். 'அவர் பண்ணை பரவியிருந்த நிலம்' என்று எழுதலாம், 'அவருக்குச் சொந்தம்' என்று எழுத வேண்டாம். அரசு முதன்முதலில் கொடுத்த பட்டாக்களை நில நிர்வாகத் துறையின் தளத்தில் மாநிலம், கவுண்டி (அதாவது மாவட்டம்), பெயர் போட்டு இலவசமாகவே பார்க்கலாம்.

காசு கொடுக்க நியாயமான இடம் ஒன்றே ஒன்று. பட்டா ஒரு பக்கம்தான், ஆனால் அதற்குப் பின்னால் ஒரு கோப்பு உண்டு, அது வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. குடியேறி உழுபவருக்கு அரசு நிலம் கொடுத்த ஹோம்ஸ்டெட் சட்டப்படி நிலம் கேட்டவர் என்றால் வீடு எத்தனை அடிக்கு எத்தனை அடி, எத்தனை ஏக்கர் உழுதார், எப்போது குடிவந்தார் என்று அவரும் இரண்டு சாட்சிகளும் சொன்னது அதில் இருக்கும். அதன் நகலுக்குக் கட்டணம் உண்டு. ஆனால் பட்டா அவர் பெயரிலேயே இருக்க வேண்டும், அடுத்தவரிடம் கிரயம் வாங்கிய நிலமாக இருந்தால் கோப்பு அந்த முதல் ஆளின் கதையைத்தான் சொல்லும். ரொக்கம் கட்டி நேரடியாக வாங்கிய பட்டாவாக இருந்தாலும் கோப்பில் பெரும்பாலும் ரசீதைத் தவிர அதிகம் இருக்காது. ஆகவே முதலில் பட்டா யார் பெயரில், எந்தச் சட்டத்தின் கீழ் என்று பாருங்கள், அப்புறம் பணம் கட்டுங்கள், அதையும் காப்பகத்துக்கே நேரடியாகக் கட்டுங்கள், நடுவில் ஆள் வேண்டாம்.

எட்டாம் வகுப்புக்கு இந்த நிலக் கோப்பெல்லாம் தேவையே இல்லை. ஒரே ஒரு நாளை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்: 1922 ஏப்ரல் 15. வயோமிங்கின் டீபாட் டோம் எண்ணெய் நிலம் கடற்படையின் அவசரத் தேவைக்கென்று ஒதுக்கி வைத்தது. அதை ஏலம் விடாமல் ரகசியமாக எண்ணெய் முதலாளி ஹாரி சின்க்ளேரின் கம்பெனிக்குக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டார்கள். ஊரிலிருந்து புகார் வந்ததும் விவரம் தெரிவிக்கச் சொல்லி கென்ட்ரிக் அன்றைக்கு செனட்டில் தீர்மானம் கொண்டுவந்தார். அது செனட் நடவடிக்கைப் பதிவேட்டில் இருக்கிறது, அரசுத் தளத்தில் இலவசம். இதைவிட நல்ல மூல ஆவணம் கிடைக்காது.

ஊழலை அவர்தான் அம்பலப்படுத்தினார் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். கேள்வி கேட்டவர் அவர், விசாரணையை நடத்தியவர் மொன்டானா செனட்டர் தாமஸ் வால்ஷ். குத்தகை கொடுத்த உள்துறைச் செயலர் ஆல்பர்ட் ஃபாலும் மாட்டுப் பண்ணைக்காரர்தான், நியூ மெக்சிகோவின் முன்னாள் செனட்டர். அவரைக் காட்டிக்கொடுத்ததும் அந்தப் பண்ணைதான்! 1920-இல் பாழடைந்து கிடந்த இடம் 1923-இல் புதுத் தூண், புது வேலி, நல்ல சாலை என்று மாறியிருந்ததை கார்ல் மகீ என்ற பத்திரிகை ஆசிரியர் நேரில் பார்த்து விசாரணையில் சொன்னார். பல வருட வரி பாக்கியும் திடீரென்று தீர்ந்திருந்தது. சின்க்ளேர் அனுப்பிய கிடாரிகள், காளை, பன்றிகள் எல்லாம் விசாரணைப் பதிவிலேயே இருக்கின்றன. எட்வர்ட் டோஹனி என்ற இன்னொரு எண்ணெய் முதலாளி கருப்புப் பையில் கொடுத்தனுப்பிய 1,00,000 டாலரும் வெளியே வந்தது. 1929-இல் ஃபாலுக்குச் சிறைத் தண்டனை. ஒரே தொழிலிலிருந்து வந்த இரண்டு பேரை எதிரெதிரே வைத்து எழுதினால் கட்டுரை தானாக நிற்கும்.

மூல ஆவணம் கொண்டு வா என்று பிள்ளைகளிடம் சொல்லும் பள்ளிகள் அது எங்கே இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுக்கக்கூடாதா? அரசும் ஒரே மனிதரைப் பற்றிய காகிதங்களை நாலைந்து தளங்களில் சிதறவிட்டு வைத்திருக்கிறது. அந்த இடைவெளியில்தான் இந்தத் தொகுப்பு வியாபாரம் நடக்கிறது.

1922 பத்திரிகைகளுக்குப் பதிப்புரிமை முடிந்துவிட்டது. வயோமிங் மாநில நூலகமே பழைய பத்திரிகைகளை இலவசமாகப் போட்டிருக்கிறது. கணினி பழைய அச்சைத் தப்பாகப் படிக்கும், பெயர் போட்டுத் தேடிக் கிடைக்காவிட்டால் தேதி போட்டு ஏப்ரல் இரண்டாம் பாதியைப் பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள். கென்ட்ரிக்கின் கோப்புகள் லாரமியில் வயோமிங் பல்கலைக்கழகத்தின் காப்பகத்தில் உள்ளன. உங்கள் ஊரிலிருந்து காரில் இரண்டு, இரண்டரை மணி நேரம்தான். எந்தப் பெட்டி வேண்டும் என்று முன்கூட்டியே மின்னஞ்சல் அனுப்பிவிட்டு, மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.