வீங்கிப்போன லேப்டாப் பேட்டரியைக் கூரியரில் வாங்க மறுக்கிறார்கள். சென்னையில் இதை என்ன செய்வது?

மறுத்தவர்கள் சரியாகத்தான் செய்திருக்கிறார்கள். வேளச்சேரிப் பக்கம் ஒரு கூரியர் புக்கிங் கவுண்டரில் இதே மறுக்கிற வேலையைச் செய்பவள் நான் என்பதால், இந்தக் கேள்வியைக் கடந்துபோக முடியவில்லை.

வாரண்டி இருக்கிறது, வெளியூரில் உள்ள சர்வீஸ் சென்டருக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள், நீங்களும் பேட்டரியைக் கழற்றித் துணியில் சுற்றி வைத்திருக்கிறீர்கள். இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். நான் இன்ஜினியர் இல்லை. "என் நண்பன் அனுப்பினான், ஒன்றும் ஆகவில்லையே" என்று கீழே யாராவது எழுதுவார்கள், அதுவும் தெரியும். ஒன்றும் ஆகாமல் போய்ச் சேர்ந்த பார்சல்கள் உண்டுதான். அதனால் விதி தப்பாகிவிடாது.

பேட்டரி வீங்குவது உள்ளே இருக்கும் எலக்ட்ரோலைட் சிதைந்து வாயு சேர்வதால். இரண்டு மின்முனைகளையும் பிரித்து வைத்திருப்பது மிக மெல்லிய ஒரு தடுப்பு. அழுத்தியோ குத்தியோ அது கிழிந்தால் உள்ளேயே ஷார்ட் ஆகும், சூடு ஏறும், அந்தச் சூடே மேலும் சூட்டைக் கிளப்பும். தீக்குச்சி தேவையில்லை. அதனால்தான் வீங்கிய, அடிபட்ட, கம்பெனியே திரும்பப் பெற்ற லித்தியம் பேட்டரிகளை விமானத்தில் ஏற்றவே கூடாது. நல்ல பேட்டரிக்கே கட்டுப்பாடு இருக்கிறது. தனியாக அனுப்பும் லித்தியம் அயான் பேட்டரிக்கு, ஆபத்தான சரக்குகளுக்கு ஐ.நா. தரும் எண்களில் யு.என். 3480 என்று எண். 2016 முதல் அதைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்ற முடியாது. சரக்கு விமானத்தில் ஏற்றுவதானாலும் சார்ஜ் 30 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது.

போன மழைக்காலத்தில் ஒரு பெரியவர் கொல்கத்தாவில் இருக்கும் மகனுக்கு பார்சல் கொண்டுவந்தார். "உள்ளே என்ன சார்?" என்று கேட்டேன். "துணிமணிதாம்மா." கையில் எடுத்தால் ஒரு பக்கம் மட்டும் கனம். பிரித்துக் காட்டச் சொன்னேன். ஈரிழைத் துண்டுக்குள் லேப்டாப் பேட்டரி, தலையணை மாதிரி உப்பியிருந்தது. பக்கத்தில் பொடி போட்ட எவர்சில்வர் டப்பா, அதன் விளிம்பு பேட்டரியை அழுத்திக்கொண்டிருந்தது. முடியாது சார் என்றேன்.

"ஏம்மா, நான் என்ன வெடிகுண்டா அனுப்புறேன்? காசை வாங்கிட்டு அனுப்புறதுதானே உன் வேலை?"

"சார், இது ஃபிளைட்ல போற பார்சல். அதே ஃபிளைட்ல ஆளுங்களும் போறாங்க."

வரிசையில் நின்றவர்களும் அவர் பக்கம்தான் பேசினார்கள். வயசானவரை அலைய விடுகிறாளாம். ராத்திரியே எங்கள் கிளைக்கு ஒற்றை நட்சத்திரம் விழுந்தது, "கவுண்டர் பெண்ணுக்குத் திமிர்" என்று. மறுநாள் ஓனர், "கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா" என்றார். எதை அனுசரிப்பது? துணிமணி என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது அனுப்புகிறவர். பார்த்துத்தான் வாங்கினேன் என்று புக் செய்வது நான். தெரிந்தே அதை நான் செய்ய மாட்டேன்.

சொல்ல வந்தது வேறு என்றாலும் இதையும் சொல்லிவிடுகிறேன். கடைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு உட்கார வசதி தரவேண்டும் என்று 2021ல் தமிழ்நாட்டில் சட்டத்தையே திருத்தினார்கள். எங்கள் கவுண்டரில் இன்றுவரை ஒரு ஸ்டூல் கிடையாது. நாளெல்லாம் நின்றபடி ஒவ்வொரு பார்சலாகக் கேட்டு, தொட்டுப் பார்த்து வாங்குகிறோம். அந்த வேலைக்குப் பெயர் திமிர்.

சரி, உங்கள் பேட்டரிக்கு வருகிறேன். முதலில் சார்ஜ் போடுவதை நிறுத்துங்கள். அமுக்கிப் பார்க்க வேண்டாம், ஊசியால் குத்திக் காற்றை இறக்கவே வேண்டாம், அந்த வாயு விஷம். முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டி, காய்ந்த மணல் போட்ட மண்சட்டியிலோ தகர டப்பாவிலோ வையுங்கள். மூடியை இறுக்கி அடைக்காதீர்கள். மெத்தை, பேப்பர் பக்கத்தில் வேண்டாம், வெயிலில் நிறுத்தும் காரிலும் வேண்டாம்.

குப்பை வண்டியில் போடாதீர்கள். லாரியில் குப்பையை நசுக்கும்போது பேட்டரியும் நசுங்கும். பக்கத்தில் நிற்பது தூய்மைப் பணியாளர். 2022 ஏப்ரலில் பெருங்குடி குப்பைமேடு பற்றி எரிந்தபோது எங்கள் பக்கமெல்லாம் புகை. அதற்கு பேட்டரிதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த மேட்டுக்கு நம் வீட்டு பேட்டரியும் போகவேண்டுமா? காயலான் கடையும் வேண்டாம், அங்கே சுத்தியல்தான் பேசும்.

2022ல் வந்த பேட்டரி கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழைய பேட்டரியைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. மற்ற குப்பையோடு கலக்காமல் கொடுப்பது நம் கடமை. பேட்டரியின்மேல் குறுக்கே கோடு போட்ட குப்பைத்தொட்டிப் படம் இருக்கும், பாருங்கள், அது இதற்காகத்தான். ஆகவே அதே கம்பெனியின் சென்னை சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்துவிட்டு நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். இல்லையென்றால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுங்கள். சர்வீஸ் சென்டரிலும் "கூரியரில் அனுப்புங்க" என்றே சொன்னால், வீங்கிய பேட்டரி என்று குறிப்பிட்டு அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள்.