எழுத்து நாளா, தாலி நாளா? வாழ்க்கைத்துணைக்கான வதிவுரிமை விண்ணப்பம் பற்றிய வாசகர் கேள்விகள்

கனடாவில் வசிப்பவர்கள் தமது கணவனையோ மனைவியையோ அழைப்பதற்காக நிரப்பும் நிரந்தர வதிவுரிமை விண்ணப்பம் குறித்து வந்த கடிதங்களில் ஐந்துக்கு இம்மாதம் பதில் எழுதுகிறேன். எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

கேள்வி: நான் கனடியக் குடியுரிமை பெற்றவள். ஸ்காபரோவில் வசிக்கிறேன். என்னுடையது பெரியோர் பேசிச் செய்த திருமணம். கணவர் யாழ்ப்பாணத்தில் இருக்கிறார். கடந்த தை மாதத்தில் பதிவாளர் முன்னிலையில் எழுத்து, அதாவது திருமணப் பதிவு, நடந்தது, ஆவணியில் கோயிலில் தாலி கட்டினோம். படிவத்தில் திருமண நாளாக எதைக் குறிப்பிடுவது? அவர் கட்டாரில் இரண்டு ஆண்டுகள் வேலை செய்து திரும்பிய பின் ஏழு மாதங்கள் வேலையின்றி இருந்தார். அதைக் காட்டினால் விண்ணப்பம் பலவீனமாகிவிடும், மாமாவின் கடையில் வேலை செய்ததாக எழுதுங்கள் என்று படிவம் நிரப்பித் தரும் ஒருவர் சொல்கிறார். என்ன செய்வது? (ஸ்காபரோ வாசகி)

பதிவுச் சான்றிதழில் உள்ள நாளே சட்டப்படி உங்கள் திருமண நாள். ஊரில் தாலி கட்டும் வரை பிள்ளைகளைக் கணவன் மனைவி என்று யாரும் சொல்வதில்லை, இருவரும் சேர்ந்து வாழ்வதும் இல்லை. குடிவரவு அதிகாரிக்கோ தை மாதத்திலிருந்து நீங்கள் மணமானவர். ஆகவே அந்த நாளுக்குப் பின் நீங்கள் இருவரும் கையெழுத்திட்ட எந்தத் தாளிலும் "திருமணமாகாதவர்" என்ற சொல் இருக்கக் கூடாது. இடைப்பட்ட மாதங்களில் அவர் வேறு விசாவுக்கு விண்ணப்பித்திருந்தால் அதில் என்ன எழுதினார் என்று கேட்டுப் பாருங்கள். உங்கள் வருமான வரிக் கணக்கில் பழைய நிலையே தொடர்ந்திருந்தால் முதலில் அதைத் திருத்துங்கள்.

தாலி நாளையும் மறைக்க வேண்டியதில்லை. ஐ.எம்.எம். 5532 என்ற உறவு விபரப் படிவம் இருவரும் சேர்ந்து கையொப்பமிட வேண்டியது. எப்படிச் சந்தித்தீர்கள், யார் அறிமுகப்படுத்தினார்கள், திருமணச் சடங்கு எங்கே நடந்தது, யார் யார் வந்தார்கள் என்றெல்லாம் அது கேட்கிறது. எழுத்துக்கும் தாலிக்கும் இடையே ஏழு மாத இடைவெளி ஏன் வந்தது, அக்காலத்தில் ஏன் தனித்தனியே இருந்தீர்கள் என்பதை அங்கே நாலு வரியில் விளக்குங்கள். நம் வழக்கத்தை அதிகாரி அறிந்திருப்பார் என்று நம்பி விட்டுவிடுபவர்களிடம்தான் பின்னர் நேர்முகத்தில் அதே கேள்வி வேறு தொனியில் கேட்கப்படுகிறது. பேசிச் செய்த திருமணம் என்பதற்காக யாரும் கூச்சப்பட வேண்டாம். பேச்சை யார் தொடங்கினார், பெண் பார்க்க எப்போது வந்தார்கள், நீங்கள் இருவரும் முதன்முதலில் எப்போது பேசினீர்கள் என்ற வரிசை தெளிவாக இருந்தால் போதும்.

இனி அந்த ஏழு மாதங்கள். பின்னணி விபரங்களைக் கேட்கும் ஐ.எம்.எம். 5669 கடந்த பத்து ஆண்டுகளின் வரலாற்றை, அல்லது பதினெட்டு வயது முதலான வரலாற்றை, மாத வாரியாக, இடைவெளி விடாமல் எழுதச் சொல்கிறது. வேலையில்லாத காலத்துக்கு "வேலையற்றவர்" என்றே எழுதலாம். அப்படி எழுதியதற்காக எந்த விண்ணப்பமும் மறுக்கப்படுவதில்லை, ஏனெனில் உங்கள் கணவர் திறமை அடிப்படையில் அல்ல, உங்கள் கணவர் என்ற அடிப்படையில் வருகிறார். இல்லாத கடை வேலையை எழுதுவது உண்மையிலேயே ஆபத்தானது. குடிவரவுச் சட்டத்தின் 40ஆம் பிரிவின்படி முக்கியமான ஒன்றைத் திரித்துக் கூறியவருக்கு ஐந்து ஆண்டுத் தடை விழும். பொய் சொல்லிக்கொடுத்தவர் அப்போது எங்கேயோ இருப்பார். படிவத்தில் இருப்பது உங்கள் கணவரின் கையொப்பம். பணம் வாங்கிக்கொண்டு படிவம் நிரப்புபவர் தம்மைப் பிரதிநிதியாக ஐ.எம்.எம். 5476இல் பதிவு செய்ய மறுத்தால் அவரை விட்டு விலகிவிடுங்கள். சட்டத்தரணியாகவோ, குடிவரவு ஆலோசகர்களுக்கான கல்லூரியில் உரிமம் பெற்றவராகவோ இருப்பவருக்கு மறைந்திருக்க வேண்டிய தேவையே இல்லை.

நான் எல்லோருக்கும் சொல்லும் ஒரு வழி உண்டு. எந்தப் படிவத்தையும் திறக்கும் முன் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, கணவரின் கடவுச்சீட்டு முத்திரைகள், கட்டார் வதிவிட அட்டை, வேலைக் கடிதங்கள் ஆகியவற்றைப் பார்த்து, மாதமும் ஆண்டும் இட்டு ஒரே பட்டியலாக எழுதுங்கள். வேலை ஒரு நிரல், வீட்டு முகவரி இன்னொரு நிரல். நீங்கள் அவரைப் பார்க்கப் போய்வந்த நாட்களை உங்கள் கடவுச்சீட்டைப் பார்த்து மூன்றாவது நிரலில் எழுதுங்கள். பிறகு எல்லாப் படிவங்களையும் அந்தத் தாளிலிருந்தே நிரப்புங்கள். நினைவிலிருந்து நிரப்பினால் ஒரு படிவத்தில் மார்ச் என்றும் மற்றதில் மே என்றும் விழும். அதிகாரி முதலில் பார்ப்பது இந்த முரண்பாடுகளைத்தான்.

ஆதாரங்களைப் பொறுத்தவரை, விண்ணப்பத்துடன் இணைக்க வேண்டியவற்றைச் சொல்லும் சரிபார்ப்புப் பட்டியல் அதிகபட்சம் 20 படங்களையும், செய்திப் பரிமாற்றங்களில் 10 பக்கங்களையும் கேட்கிறது. முந்நூறு படங்கள் கொண்ட அல்பத்திலிருந்து 20ஐத் தேர்ந்தெடுக்கும்போது, புகைப்படக்காரர் நிற்கச் சொன்னபடி நின்ற படங்களை ஒதுக்கிவிட்டு, இருபக்கத்துப் பெற்றோரும் உறவினரும் உள்ளவற்றை எடுங்கள். ஒவ்வொன்றின் கீழும் நாள், இடம், யார் யார் என்று எழுதுங்கள். பத்துப் பக்கச் செய்திகளையும் ஒரே வாரத்திலிருந்து எடுக்காமல் பல மாதங்களுக்குப் பரவியிருக்கும்படி தொகுப்பது நல்லது.

பொலிஸ் சான்றிதழ் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். தற்போது வசிக்கும் நாடான இலங்கையின் சான்றிதழ், விண்ணப்பிக்கும் நாளில் ஆறு மாதத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. கட்டாரில் தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் வாழ்ந்தவர் என்பதால் அந்நாட்டுச் சான்றிதழும் தேவைப்படும். அங்கிருந்து திரும்பிவிட்டவர்களுக்கு அதைப் பெறுவது இழுபறியான வேலை. எனவே முதல் வேலையாக அதைத் தொடங்குங்கள்.

கேள்வி: என் மனைவி திருச்சியில் இருக்கிறார். அவருடைய இந்தியக் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்ற இடம் வெறுமையாக உள்ளது. பள்ளிச் சான்றிதழில் தந்தை பெயரின் முதலெழுத்து இருக்கிறது. படிவத்தில் என் பெயரைக் குடும்பப் பெயராகப் போடலாமா? (பிராம்டன் வாசகர்)

போட வேண்டாம். படிவம் கடவுச்சீட்டைப் பின்பற்றும். நம் விருப்பத்தையோ ஊர் வழக்கத்தையோ அல்ல. கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் இல்லையென்றால், அவருடைய பெயர் முழுவதையும் குடும்பப் பெயருக்கான கட்டத்தில் எழுதி, இயற்பெயர்க் கட்டத்தை வெறுமையாக விட வேண்டும் என்பதே குடிவரவுத் திணைக்களத்தின் அறிவுறுத்தல். பார்க்க விநோதமாக இருந்தாலும் அதுவே சரி. முதலெழுத்துடன் கூடிய பள்ளிப் பெயரையும், திருமணத்துக்குப் பின் எங்காவது உங்கள் பெயரைச் சேர்த்துப் பயன்படுத்தியிருந்தால் அதையும், "வேறு பெயர்களைப் பயன்படுத்தியதுண்டா" என்ற கேள்விக்கு விடையாகக் கொடுங்கள். இணையத் தளத்தில் மின்கையொப்பமாகத் தட்டச்சு செய்யும் பெயரும் கடவுச்சீட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும்.

தமிழில் உள்ள சான்றிதழ்களை மொழிபெயர்க்கக் கொடுக்கும்போது கடவுச்சீட்டின் பிரதியையும் கூடவே கொடுங்கள். இல்லாவிட்டால் ஒரே பெயர் மூன்று விதமான ஆங்கில எழுத்துக்கூட்டலில் வந்து சேரும். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த மைத்துனர் இருக்கிறார் என்று அவரிடம் கொடுத்துவிடாதீர்கள். குடும்பத்தினர் செய்த மொழிபெயர்ப்பை ஏற்கமாட்டார்கள்.

கேள்வி: இரண்டு மாதங்களுக்கு முன் வேலை போய்விட்டது. வேலைக் காப்புறுதிப் பணம் பெறுகிறேன். மனைவியை அழைக்க முடியுமா? செலவு எவ்வளவு? (மிசிசாகா வாசகர்)

முடியும். பெற்றோரை அழைப்பதற்கு உள்ளது போன்ற குறைந்தபட்ச வருமான எல்லை வாழ்க்கைத்துணைக்குப் பொதுவாக இல்லை. மாற்றுத்திறன் காரணமாக அல்லாமல் சமூக உதவிப் பணம் பெறுபவர்தான் பொறுப்பேற்க முடியாது. வேலைக் காப்புறுதி அந்த வகையில் சேராது. ஆனாலும் இப்போது எதைக்கொண்டு குடும்பத்தைப் பார்ப்பீர்கள் என்பதை ஒரு கடிதத்தில் எழுதி இணையுங்கள். நீங்கள் கையொப்பமிடும் பொறுப்பேற்பு, மனைவிக்கு வதிவுரிமை கிடைக்கும் நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் நீடிக்கும். இடையில் பிரிந்தாலும் அது நீங்காது. அவர் அரச உதவி பெற்றால் அதைத் திருப்பிச் செலுத்த வேண்டியவர் நீங்கள்.

2024 ஏப்ரல் 30இல் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி, பொறுப்பேற்பதற்கு 85 டொலர், விண்ணப்பத்துக்கு 545 டொலர், வதிவுரிமைக்கு 575 டொலர், மொத்தம் 1,205 டொலராக இருந்தது. கைரேகைக்கு மேலும் 85 டொலர். இக்கட்டணங்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை உயர்த்தப்படுவதால் பணம் கட்டும் நாளில் திணைக்களத்தின் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். குறைவாகக் கட்டினால் விண்ணப்பம் அப்படியே திரும்பி வரும்.

கேள்வி: பெற்றோரின் விண்ணப்பத்தில் தங்கிவாழும் பிள்ளையாக நான் கனடா வந்தேன். வருவதற்கு மூன்று மாதங்களுக்கு முன், வீட்டாருக்குத் தெரியாமல், காதலித்தவருடன் எழுத்து முடித்திருந்தேன். தரையிறங்கும்போது தனியர் என்றே கையெழுத்திட்டேன். இப்போது அவரை அழைக்க வேண்டும். அந்தப் பதிவை விட்டுவிட்டு இப்போது புதிதாகத் திருமணம் செய்து அந்த நாளைக் கொடுக்கலாம் என்கிறார்கள். (மார்க்கம் வாசகி)

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். எதையும் அனுப்புவதற்கு முன் ஒரு குடிவரவுச் சட்டத்தரணியைப் பாருங்கள் என்பதே என் பதில். ஏன் என்பதை விளக்கிவிடுகிறேன், ஏனெனில் இந்த நிலையில் நீங்கள் மட்டும் இல்லை.

தங்கிவாழும் பிள்ளை என்பவர் வாழ்க்கைத்துணை இல்லாதவராக இருக்க வேண்டும். எழுத்து முடிந்த அன்றே அந்தத் தகுதி உங்களிடமிருந்து போய்விட்டது. அதைச் சொல்லாமல் வந்ததால், கணவரை அழைக்கும் விண்ணப்பம் உங்களுடைய சொந்த வதிவுரிமையையே கேள்விக்குள்ளாக்கக் கூடும். இரண்டாவதாக, ஒருவர் வதிவுரிமை பெற்றபோது அறிவிக்காத, பரிசோதிக்கப்படாத குடும்ப உறுப்பினர், பின்னர் குடும்ப வகுப்பில் (குடும்ப உறவின் அடிப்படையில் வதிவுரிமை வழங்கும் பிரிவில்) அழைக்கப்பட முடியாதவர் என்று ஒழுங்குவிதி 117(9)(d) கூறுகிறது. 2019 செப்ரெம்பர் 9இல் இதற்கு ஒரு தளர்வு நடைமுறைக்கு வந்தது. ஆனால் அது, அன்று உண்மையைச் சொல்லியிருந்தாலும் தகுதி மாறியிருக்காதவர்களுக்கு உரியது. உங்களுக்கு மாறியிருக்கும். மனிதாபிமானக் காரணங்களை முன்வைக்கும், குடிவரவுச் சட்டத்தின் 25ஆம் பிரிவின் வழி இருக்கிறது. அதை எப்போது, எப்படிக் கையாள்வது என்பது சட்டத்தரணியின் வேலை.

புதிய நாளில் மறுபடி திருமணம் செய்து பழையதை மறைப்பது பற்றிக் கேட்டீர்கள். பதிவாளர் அலுவலகத்தில் உங்கள் பெயர் இருக்கிறது. ஏற்கெனவே ஒரு மறைப்பு இருக்கும்போது அதன் மேல் இன்னொன்றை வைப்பதால் மனிதாபிமான வழியும் அடைபடும். அந்த யோசனை சொன்னவரிடம் இனி ஆலோசனை கேட்காதீர்கள்.

இதே விதி பிள்ளைகளுக்கும் பொருந்தும் என்பதை மற்ற வாசகர்களும் கவனிக்க வேண்டும். உங்களுடன் வரப்போவதில்லை, முன்னாள் மனைவியிடம் வளர்கிறான் என்றெல்லாம் நினைத்து ஒரு பிள்ளையின் பெயரை, குடும்ப விபரம் கேட்கும் ஐ.எம்.எம். 5406 படிவத்தில் எழுதாமல் விட்டால், அந்தப் பிள்ளைக்கு நாளை கதவு மூடிவிடும். வராத பிள்ளைக்கும் மருத்துவப் பரிசோதனை கேட்கப்படுவது இதனால்தான்.

கேள்வி: மனைவி வருகை விசாவில் இங்கே வந்திருக்கிறார். உள்ளே இருந்தே விண்ணப்பிப்பதா, வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிப்பது போல் குடும்ப வகுப்பில் அனுப்புவதா? (அஜாக்ஸ் வாசகர்)

இங்கே இருப்பவரும் குடும்ப வகுப்பில் விண்ணப்பிக்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. இரண்டுக்கும் உள்ள முக்கிய வேறுபாடு, மறுக்கப்பட்டால் என்ன ஆகும் என்பதில் இருக்கிறது. குடும்ப வகுப்பில் மறுப்பு வந்தால், பொறுப்பேற்றவர் 30 நாட்களுக்குள் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுக்குச் செல்லலாம். உள்ளே இருந்தே விண்ணப்பிக்கும் உள்நாட்டு வகுப்பில் அந்த உரிமை இல்லை. உள்நாட்டு வகுப்பில் மனைவி உங்களுடன் ஒரே வீட்டில் வசிக்கவும் வேண்டும். இடையில் ஊருக்குப் போய், திரும்பி வர விசா கிடைக்காமல் போனால் விண்ணப்பமே விழுந்துவிடும். உங்கள் மாமியார் சுகவீனமாக இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மனைவி எந்த நேரமும் போய்வர வேண்டி வரலாம் என்பதால் குடும்ப வகுப்பையே தேர்ந்தெடுங்கள். எந்த வகுப்பானாலும், அவருடைய வருகை அனுமதி முடியும் நாளைக் கவனித்து, அதற்கு முன்பே நீட்டிப்புக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.