குவாட் பைக்: சி.சி. கேட்கிறீர்கள், சுமை எவ்வளவு என்று கேட்பதில்லை

குவாட் பைக் என்பது பைக் போல உட்கார்ந்து, ஹேண்டிலைத் திருப்பி ஓட்டும் நான்கு சக்கர வண்டி. அதைப் பற்றி இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வாங்கப்போகிறவர்கள் எழுதியவை. சில, வாங்கிவிட்டு விழிப்பவர்கள் எழுதியவை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். என்ன நிலம், என்ன வேலை என்று எதுவுமே சொல்லாமல் எழுதியவர்களில் ஒருவருக்கு மட்டும் பதில் தருகிறேன். மற்றவர்கள் அதையே தங்களுக்கானதாகக் கொள்ளலாம்.

கேள்வி: இருப்பதிலேயே சிறந்த குவாட் பைக் எது? சுற்றி வளைக்காமல் ஒரே ஒரு பெயரைச் சொல்லுங்கள்.

சொல்லமாட்டேன். உங்கள் நிலம் சேறா, பாறையா, சரிவா? வண்டி எதைச் சுமக்கவேண்டும், எதை இழுக்கவேண்டும்? நாளுக்கு ஒரு மணி நேரமா, எட்டு மணி நேரமா? இவற்றை எழுதாமல் பெயரை மட்டும் கேட்டால், எந்தப் பெயரைச் சொன்னாலும் பாதி தவறாகத்தான் இருக்கும். ஒன்று மட்டும் எல்லோருக்கும் பொருந்தும். உதிரிப் பாகமும், அதை மாற்றத் தெரிந்த மெக்கானிக்கும் எட்டும் தூரத்தில் இருக்கிற நிறுவனத்தின் வண்டியையே வாங்குங்கள். இன்ஜின் விசையைச் சக்கரத்துக்குக் கடத்தும் பெல்ட்டுக்காக ஒரு மாதம் கொட்டகையில் நிற்கும் வண்டி எவ்வளவு சிறந்ததாக இருந்து என்ன பயன்?

கேள்வி: வேலி பார்ப்பது, தீவனம் கொண்டுபோவது, சிறு டிரெய்லர் இழுப்பது, இவைதான் என் வேலை. பக்கத்து நிலத்துக்காரர் 1000 சி.சி. வைத்திருக்கிறார். நானும் அதையே வாங்கட்டுமா?

பக்கத்து நிலத்துக்காரர் வாங்கிவிட்டார் என்பது ஒரு காரணமே அல்ல. நீங்கள் சொன்ன வேலைகளுக்கு 400 முதல் 570 சி.சி. வரை தாராளம். ஹோண்டா ராஞ்சர் 420, யமஹா கோடியாக் 450, சுசுகி கிங்குவாட் 500, போலாரிஸ் ஸ்போர்ட்ஸ்மேன் 570 எல்லாம் இந்த வகைதான். ஏறத்தாழ 300 கிலோ எடை. சேற்றில் புதைந்தால் இரண்டு பேர் சேர்ந்து ஒரு பக்கத்தையாவது தூக்கி நகர்த்திவிடலாம். 1000 சி.சி. வண்டிகள் 350 கிலோவைத் தாண்டுகின்றன. அது புதைந்தால் டிராக்டரை அழைக்கவேண்டும்.

இன்ஜின் பெரிதானால் சுமக்கும் திறனும் அதே கணக்கில் உயரும் என்று பலர் நம்புகிறார்கள். யமஹாவின் 450-ல் முன் ரேக் (சாமான் கட்டும் கம்பித் தட்டு) 40 கிலோ, பின் ரேக் 80 கிலோ தாங்கும். அதே நிறுவனத்தின் 700-ல் 50, 90. இவ்வளவு பெரிய இன்ஜினுக்குக் கூடுதலாகக் கிடைத்தது மொத்தம் 20 கிலோ. மீதியெல்லாம் வேகம். வேலி பார்க்க வேகம் எதற்கு?

கேள்வி: பெல்ட் வண்டியா, கியர் வண்டியா?

போலாரிஸ், கேன்-ஆம், யமஹா, சுசுகி ஆகியவற்றின் வேலை வண்டிகள் பெல்ட். ஹோண்டா பல்சக்கரத்தை, அதாவது கியரை, விடவில்லை. ராஞ்சர், ஃபோர்மேன் போன்றவற்றில் பொத்தானை அழுத்தி கியர் மாற்றலாம், சில மாடல்களில் கியரைத் தானே மாற்றும் இரட்டை கிளட்ச் தானியங்கி உண்டு. நாள் முழுவதும் மெதுவாகச் சுமை இழுப்பவருக்கும், அடிக்கடி தண்ணீரில் இறங்குபவருக்கும் பல்சக்கரமே நிம்மதி. பெல்ட் நனைந்தால் வழுக்கும், சூடேறினால் கருகும். ஓட்டுவதற்கு எளிது பெல்ட்தான், மறுக்கவில்லை. ஆனால் கருகிய பெல்ட்டோடு வருபவர்களில் பெரும்பாலோர் வேக ஓட்டத்துக்கான 'எச்' நிலையிலேயே டிரெய்லரை மேட்டில் இழுத்தவர்கள். சுமை இருந்தால், மேடு இருந்தால், நடைவேகம் என்றால் மெதுவான இழுவைக்கான 'எல்'. இதைக் கைப்பிடியில் எழுதி ஒட்டிவைத்தாலும் சரி.

பெல்ட் வண்டி என்றால் இறக்கத்தில் இன்ஜின் வண்டியின் வேகத்தை இழுத்துப் பிடிக்காது என்பது பழைய பயம். யமஹாவில் நான்கு சக்கரத்துக்கும் இன்ஜின் பிரேக் வேலை செய்கிறது. வாங்கும் முன் ஓர் இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டுப் பாருங்கள். விற்பவர் சொல்வதைவிட அது தெளிவாகச் சொல்லும்.

கேள்வி: 100 லிட்டர் மருந்துத் தொட்டி ஒன்று வாங்கிப் பின் ரேக்கில் கட்டியிருக்கிறேன். 'எல்லா குவாட்களுக்கும் பொருந்தும்' என்று பெட்டியில் போட்டிருந்தது. ஆனால் மேட்டில் ஏறும்போது ஹேண்டில் லேசாகி, திருப்பினால் திரும்ப மறுக்கிறது. பவர் ஸ்டியரிங் கோளாறா?

கோளாறு ஸ்டியரிங்கில் இல்லை. முன் சக்கரங்கள் தரையை விட்டுக் கிளம்பத் தயாராக இருக்கின்றன. வண்டி பின்பக்கமாக மல்லாந்து விழுவதற்கு முந்தைய நிலை அது. உங்களுக்கு எழுதவாவது நேரம் கிடைத்ததே!

பொருந்தும் என்று பெட்டியில் போட்டவர் தொட்டியைக் கட்டும் பட்டையின் நீளத்தைச் சொல்கிறார். ரேக் தாங்குமா என்று அவர் சொல்லவில்லை, நீங்களும் கேட்கவில்லை. 100 லிட்டர் தண்ணீர் 100 கிலோ. தொட்டி, பம்பு, குழாய், தெளிக்கும் கம்பி எல்லாம் சேர்த்தால் 115, 120 ஆகும். பெரும்பாலான வேலை வண்டிகளின் பின் ரேக் 80 முதல் 90 கிலோவோடு நின்றுவிடுகிறது. பின் மட்கார்டில் ஒரு எச்சரிக்கை ஸ்டிக்கர் இருக்கும். அதன் மேல் படிந்த சேற்றைக் கட்டைவிரலால் தேய்த்துப் பாருங்கள், ரேக் எவ்வளவு தாங்கும் என்று அங்கே எண் இருக்கும். எனக்கு எழுதுகிறவர்கள் எல்லோருக்கும் சி.சி. மனப்பாடம். இந்த எண்ணைக் கேட்டால் பத்தில் ஒருவருக்குக்கூடத் தெரிவதில்லை.

அதோடு முடியவில்லை. வண்டியின் மொத்தச் சுமைத்திறன் என்று தனியாக ஓர் எண் உண்டு. பெரும்பாலும் 200 முதல் 260 கிலோ. அதில் ஓட்டுபவரும் அடக்கம். நீங்கள் 85 கிலோ, தொட்டி 120, முன்னால் கருவிப்பெட்டி 15 என்றால் 220 ஆகிவிட்டது.

இன்னொரு விஷயம், தண்ணீர் ஓரிடத்தில் நிற்காது. நிறைகுடம் தளும்பாது, குறைகுடம் கூத்தாடும் என்பது இங்கே எழுத்துக்கு எழுத்து உண்மை. முழுத் தொட்டி கனம், ஆனால் அசையாது. பாதி காலியான தொட்டியில் வரப்பின் கோடியில் திரும்பும்போது 50 கிலோ தண்ணீர் ஒரே நொடியில் ஒரு பக்கம் சாய்கிறது. அதுவும் இடுப்பு உயரத்தில். மருந்து தெளிப்பவர் வரிசையோடு வரிசையாகச் சரிவின் குறுக்கேதான் போவார். பலர் ஒரு கையில் தெளிக்கும் குழாயையும் பிடித்திருப்பார்கள். சரிவில் உடலை மேட்டுப்பக்கம் சாய்த்து ஓட்டவேண்டும், ஒற்றைக் கையால் அது முடியாது. கவிழ்வதற்கு இத்தனை ஏற்பாடுகளையும் செய்துவிட்டு, பவர் ஸ்டியரிங்கைக் குறை சொன்னால் நான் என்ன செய்வது?

செய்யவேண்டியது இதுதான். 50, 60 லிட்டர் தொட்டி வாங்குங்கள். உள்ளே தடுப்புச் சுவர்கள் இருக்கவேண்டும், உயரமாக இல்லாமல் பரந்து தட்டையாக இருக்கவேண்டும். இரண்டு முறை நிரப்புவது சலிப்பாக இருந்தால் டிரெய்லரில் வைக்கும் தெளிப்பானுக்குப் போங்கள். டிரெய்லரைக் கீழே உள்ள இழுவைக் கொக்கியில்தான் மாட்டவேண்டும். ரேக் கம்பியில் கயிறு கட்டி இழுத்தால் மேட்டில் வண்டியே பின்பக்கம் மல்லாந்துவிடும். இழுவைத் திறனாகப் போட்டிருக்கும் 400, 600 கிலோவெல்லாம் சமதளத்துக்கானது. பிரேக் இல்லாத டிரெய்லர் இறக்கத்தில் உங்களைத் தள்ளும். அங்கே நிறுத்துவது வண்டியின் பிரேக் மட்டும்தான். ஆகவே சரிவு இருந்தால் பாதிக்குக் கீழே வைத்துக்கொள்ளுங்கள். தொட்டியை இறக்கிவிட்டு டயர் அழுத்தத்தையும் ஒருமுறை பாருங்கள். கனத்துக்காக என்று காற்றைக் கூட்டி அடித்திருப்பீர்கள் என்றே நினைக்கிறேன்.

கேள்வி: சிறு கல்லில் ஏறினாலும் வண்டி துள்ளுகிறது, இடப்பக்கம் இழுக்கிறது. ஷாக் அப்சார்பர் மாற்றவேண்டுமா? டயரில் காற்று சரியாக 22 இருக்கிறது.

22 சரி என்று யார் சொன்னது? அது காருக்கு நெருங்கிய கணக்கு. குவாட் டயருக்குப் பொதுவாக 4 முதல் 7 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு). டயர்தான் இந்த வண்டியில் அதிர்வைத் தாங்கும் முதல் சஸ்பென்ஷன். அதைக் கல்லாக்கிவிட்டு ஷாக் அப்சார்பரை மாற்றி என்ன ஆகப்போகிறது? கார் காற்றுமானியில் 5 பிஎஸ்ஐ-க்கு முள் அசையவே அசையாது. குறைந்த அழுத்தத்துக்கென்றே தனி மானி உண்டு, அதை வாங்குங்கள். 5 பிஎஸ்ஐ டயரில் 1 பிஎஸ்ஐ வித்தியாசம் என்றால் ஐந்தில் ஒரு பங்கு. ஒரு பக்கமாக இழுப்பது அதனால்தான் இருக்கும். வண்டி ஓடாமல் டயர் குளிர்ந்திருக்கும்போது, இடம் வலம் இரண்டையும் அளந்து சமமாக்குங்கள். பிறகும் துள்ளினால் எழுதுங்கள்.

கேள்வி: சீட் நீளமாகத்தானே இருக்கிறது, மகனைப் பின்னால் உட்காரவைக்கலாமா? அவனுக்கு 12 வயது. அவனே ஓட்டவும் ஆசைப்படுகிறான்.

இரண்டும் கூடாது. சீட் நீளமாக இருப்பது ஓட்டுபவர் மேட்டில் முன்னால் நகரவும், இறக்கத்தில் பின்னால் நகரவும், வளைவில் பக்கவாட்டில் சாயவும். பின்னால் ஒருவர் இருந்தால் அந்த இடம் போய்விடுகிறது, எடையும் பின் ஆக்சிலுக்கு மேலே ஏறிவிடுகிறது. இருவருக்கென்றே நீட்டிச் செய்த மாடல்கள் உண்டு, உங்களுடையது அதுவல்ல. பெரியவர்களுக்கான குவாட்களில் 16 வயதுக்குக் கீழே ஓட்டக்கூடாது என்று ஸ்டிக்கரே ஒட்டியிருக்கும். அந்த 300 கிலோவை அசைக்கும் உடல் எடை சிறுவனிடம் இல்லை. வயதுக்கேற்ற சிறிய குவாட்கள் விற்கின்றன. தினமும் இரண்டு பேர் போகவேண்டிய வேலை என்றால் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும், சீட் பெல்ட்டும் கூண்டும் உள்ள வண்டியைப் பாருங்கள்.

கேள்வி: யமஹா ராப்டர் 700 மலிவாகக் கிடைக்கிறது. வேலைக்கு ஆகுமா?

ஆகாது. பின் சக்கர இழுவை மட்டும், ரேக் இல்லை. விளையாட்டு வண்டி.

கேள்வி: 1,800 மணி நேரம், 9,000 கிலோமீட்டர் ஓடிய பழைய வண்டி. ஸ்நார்க்கெல் (இன்ஜினுக்கான காற்றை உயரத்திலிருந்து இழுக்கும் குழாய்) பொருத்தி, புதுப் பிளாஸ்டிக் மாட்டிப் பளபளவென்று இருக்கிறது. நம்பலாமா?

வகுத்துப் பாருங்கள், மணிக்கு 5 கிலோமீட்டர். ஊர்ந்து ஊர்ந்து வேலை செய்த வண்டி, அல்லது நின்றபடியே இன்ஜின் ஓடிய வண்டி. அது தவறில்லை, ஆனால் கிலோமீட்டரை மட்டும் காட்டி 'குறைவாக ஓடியது' என்றால் நம்பாதீர்கள். எனக்கு உறுத்துவது ஸ்நார்க்கெல். ஆழத் தண்ணீரில் இறங்காதவர் அதை ஏன் பொருத்துகிறார்? இன்ஜின் ஆயிலையும் முன், பின் டிஃபரென்ஷியல் (இரு பக்கச் சக்கரங்களுக்கும் விசையைப் பிரிக்கும் பல்சக்கரப் பெட்டி) ஆயிலையும் சொட்டு எடுத்துப் பாருங்கள். வெளிறிக் கலங்கியிருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து உள்ளே சேற்றுக் கோடு தெரிகிறதா பாருங்கள். புதுப் பிளாஸ்டிக் மாட்டியவர்கள் அங்கே துடைக்க மறந்துவிடுவார்கள். ஒவ்வொரு சக்கரத்தையும் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள், ஆக்சில் ரப்பர் உறைகள் கிழிந்திருக்கின்றனவா என்று தடவிப் பாருங்கள். போய்ச் சேர்ந்ததும் முதலில் இன்ஜின் மேல் கையை வையுங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வரும் முன் ஓட்டி வைத்திருக்கிறார்கள், குளிரில் கிளம்பச் சிரமப்படுகிறது என்று பொருள். சேஸிஸ் எண் சுரண்டப்பட்டிருந்தால் பேச்சே வேண்டாம், திரும்பிவிடுங்கள். டயர் அழுத்தத்தைச் சரிசெய்த பிறகே ஓட்டிப் பாருங்கள். இல்லாவிட்டால் எது வண்டியின் குறை, எது காற்றின் குறை என்று தெரியாது.

கேள்வி: வண்டி கவிழ்ந்தால் காக்கும் என்று சீட்டுக்குப் பின்னால் வளைவுக் கம்பி பொருத்தினால் நல்லதா? அதுவே ஆபத்து என்கிறார் நண்பர்.

பொருத்துங்கள். ஆஸ்திரேலியாவில் 2021 அக்டோபர் 11 முதல் விற்கப்படும் புதிய வேலை குவாட்கள் எல்லாவற்றிலும் இது கட்டாயம். ஹோண்டா, யமஹா போன்றவை அதை ஏற்காமல் அங்கே குவாட் விற்பதையே நிறுத்தின, அதனால் உங்கள் நண்பரின் வாதம் புதிதல்ல. மெதுவான வேகத்தில் கவிழும் வேலை வண்டியில் ஓட்டுபவர் கீழே சிக்கி நசுங்குவதும் மூச்சுமுட்டுவதும்தான் உயிரைப் பறிக்கிறது. வண்டிக்கும் தரைக்கும் நடுவே இடைவெளி விடுவது அந்தக் கம்பி. அதற்காக அதை நம்பிச் சரிவில் குறுக்கே போகாதீர்கள். 25 டிகிரிக்கு மேல் ஏறாதே என்று பல கையேடுகள் சொல்கின்றன, சிலவற்றில் 15-தான்.

கேள்வி: பவர் ஸ்டியரிங்குக்குக் கூடுதல் பணம் கொடுப்பது வீணா?

வீணில்லை. 2007-ல் யமஹா கிரிஸ்லி 700-ல் வந்தபோது ஆடம்பரம் என்றார்கள். நான்கு சக்கர இழுவையில், டிஃப் லாக் (இரு பக்கச் சக்கரங்களையும் ஒன்றாகச் சுழலவைக்கும் பூட்டு) போட்டு, நாள் முழுவதும் ஓட்டுபவரின் தோளைக் கேளுங்கள்.

கேள்வி: புதைந்த வண்டியைக் கம்பிவடத்தால் இழுக்கும் வின்ச் எத்தனை கிலோவுக்கு வாங்கவேண்டும்?

சுமையோடு வண்டியின் எடையைப் போல ஒன்றரை மடங்கு. சேறு அதிகம் என்றால் இன்னும் சற்றுக் கூட. 300 கிலோ வண்டிக்கு, சுமையும் சேறும் சேர்த்துப் பார்த்தாலும், 1,100 கிலோ வின்ச் போதும். இன்ஜின் ஓடும்போது மட்டும் இழுங்கள், விட்டுவிட்டு இழுங்கள், இல்லையென்றால் பேட்டரி படுத்துவிடும்.

கேள்வி: என்ன நிறம் வாங்கலாம்? பச்சை அழுக்குத் தெரியாது என்கிறார்கள்.

சிவப்பு அல்லது ஆரஞ்சு. அழுக்குத் தெரியாத வண்டி, புதருக்குள் கவிழ்ந்து கிடந்தாலும் தெரியாது. கைப்பேசியை ரேக் பெட்டியில் போடாமல் பொத்தான் உள்ள சட்டைப்பையில் வையுங்கள். வண்டிக்கு அடியில் கால் மாட்டிக்கொண்டால் பெட்டிக்குக் கை எட்டாது.