பறக்காத மாதத்தில் எவ்வளவு வரும்? பெங்களூர், மும்பை, டெல்லி பேஸ் ஒப்பந்தங்களை ஒப்பிடும் விதம்

கேள்வி: நான் ஏர்பஸ் 320 ஓட்டும் ஃபர்ஸ்ட் ஆபீசர், அதாவது கோ-பைலட். சொந்த ஊர் ஓசூர். பெங்களூரில் குடியிருக்கிறோம், மனைவிக்கு மான்யதா டெக் பார்க்கில் வேலை. வேறு நிறுவனத்துக்கு மாற மூன்று இடங்களிலிருந்து ஆஃபர் வந்திருக்கிறது. பெங்களூர் பேஸில் (விமானியின் பணி தொடங்கும் ஊர்தான் பேஸ்) நிலையான சம்பளம் மாதம் 1.30 லட்சம், 70 மணி நேரத்துக்கு உறுதி (அதைவிடக் குறைவாகப் பறந்தாலும் அத்தனை மணிக்குப் பணம் உண்டு), மணிக்கு 1,500 ரூபாய், 70க்கு மேல் போனால் மணிக்கு 2,000. மும்பையில் நிலையானது 1 லட்சம், உறுதி 40 மணி, ஆனால் மணிக்கு 2,400. மாதம் 2.80 லட்சம் வரும் என்கிறார்கள். டெல்லியில் 1.20 லட்சம், 60 மணி உறுதி, மணிக்கு 2,000. அங்கே வைட்பாடி, அதாவது நீண்டதூரப் பெரிய விமானத்துக்குப் பயிற்சி தருவார்கள். மூன்று வருட பாண்ட், அதற்கு முன் விலகினால் 20 லட்சம் கட்ட வேண்டும். எதை எடுக்கலாம்?

பதில்:

மும்பைக்காரர்கள் சொல்லும் 2.80 லட்சத்திலிருந்து தொடங்கலாம். பொய்க் கணக்கு இல்லை, ஆனால் நீங்கள் மாதம் 75 மணி பறந்தால்தான் அது வரும். அதே 75 மணிக்கு பெங்களூர் ஆஃபரில் 2.45 லட்சம், டெல்லியில் 2.70 லட்சம். 35,000 ரூபாய் வித்தியாசம் என்றதும் மனசு மும்பைப் பக்கம் சாயத்தான் செய்யும். இப்போது கணக்கைத் திருப்பிப் போடுங்கள். ஒரு மாதம் 40 மணிதான் கிடைத்தது என்றால் மும்பையில் 1.96 லட்சம், பெங்களூரில் 2.35 லட்சம், டெல்லியில் 2.40 லட்சம். மும்பை ஆஃபர் பெங்களூரை எட்டிப் பிடிப்பது 56 மணியைத் தாண்டிய பிறகுதான். ஆகவே கேட்க வேண்டியது ஒன்றே: வருடத்தில் எத்தனை மாதம் 56 மணிக்கு மேல் பறப்பீர்கள்?

விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏவின் விதிப்படி ஒரு விமானி வருடத்துக்கு 1,000 மணி நேரத்துக்கு மேல் பறக்கக் கூடாது. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 83. ஆகவே 90 மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டு ஒரு தொகையைக் காட்டினால் அந்தத் தாளை அப்போதே மடித்து வைத்துவிடலாம். 75 மணி வரம்புக்குள் வருவதுதான். ஆனால் வருடாந்திர விடுப்பு, சிமுலேட்டர் பயிற்சி நாட்கள், மெடிக்கல் பரிசோதனை, கூப்பிட்டால் வரத் தயாராகக் காத்திருக்கும் ஸ்டாண்ட்பையில் கழியும் நாட்கள் எல்லாம் போன பிறகு வருடம் முழுக்க 75 சராசரி நிற்பது கடினம். 65 என்று வைத்துக்கொண்டால் மும்பை 2.56, பெங்களூர் 2.35. வித்தியாசம் 21,000. புதிய வரிமுறையில் 24 லட்சத்துக்கு மேலான வருமானத்துக்கு 30 சதவீதம், செஸ் சேர்த்தால் 31.2. மும்பையில் வருடம் 30 லட்சத்தைத் தாண்டுவீர்கள் என்பதால் கூடுதலாக வரும் ஒவ்வொரு ரூபாயும் இந்த அடுக்கில்தான் விழும். கைக்கு வருவது சுமார் 14,400. மும்பையின் மரோலிலோ அந்தேரி கிழக்கிலோ பெங்களூரின் எலஹங்காவைவிட வாடகை அவ்வளவுதான் கூட என்று எந்தத் தரகராவது சொன்னால் எனக்கும் அவர் நம்பரைக் கொடுங்கள்.

மணிக் கணக்கு இப்போது முன்பைவிட முக்கியமாகிவிட்டதற்குக் காரணம் இருக்கிறது. புதிய பணிநேர விதிகள் 2025 ஜூலையில் ஒரு பகுதியும் நவம்பரில் மறு பகுதியுமாக நடைமுறைக்கு வந்தன. வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணியானது. இரவு என்பது காலை 6 மணி வரை நீண்டது. இரவு நேரத்தைத் தொடும் பணியில் தரையிறக்கம் இரண்டுதான். டிசம்பரில் இண்டிகோ விமானங்கள் கூட்டங்கூட்டமாக ரத்தானபோது இந்த விதிகள் ஊருக்கே தெரிந்தன. அந்த நிறுவனத்துக்கு 2026 பிப்ரவரி 10 வரை சில தளர்வுகளும் கிடைத்தன. விமானியின் உடம்புக்கு இவை நல்ல விதிகள், அதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. ஆனால் மணிக்கணக்கில் சம்பளம் வாங்குபவருக்கு, ஓய்வு கூடினால் பறக்கும் நேரம் குறைய வாய்ப்பு உண்டு. அந்தக் குறைவு யார் தலையில் விழும் என்பதை உறுதி மணிதான் தீர்மானிக்கிறது. 2024 ஏப்ரலில் விஸ்தாரா விமானங்கள் ரத்தானது நினைவிருக்கும். ஏர் இந்தியாவுடன் இணைப்புக்கு முன் தரப்பட்ட புதிய ஒப்பந்தத்தில் உறுதி மணி 70லிருந்து 40 ஆனதுதான் விமானிகளின் முக்கியக் குறை. உங்கள் மும்பை ஆஃபரில் இருப்பதும் அதே 40.

உறுதி மணியிலும் ஓர் ஓட்டை இருக்கும். விடுப்பு எடுத்தால் அது விகிதப்படி குறையுமா என்று பாருங்கள். 30 நாள் மாதத்தில் 12 நாள் லீவு போட்டால் 70 மணி உறுதி 42 ஆகிவிடும் ஒப்பந்தங்கள் உண்டு. அப்படி இருந்தால் பெங்களூர் ஆஃபரின் பலம் பாதியாகக் குறையும். நோய் விடுப்புக்கும் சிமுலேட்டர் நாளுக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். எச்ஆர் ஆள் "அதெல்லாம் வழக்கமா கொடுத்துடுவோம் சார்" என்பார். வழக்கம் வேண்டாம், வாக்கியம் வேண்டும் என்று சொல்லுங்கள்.

அடுத்து, மணி என்று எதை எண்ணுகிறார்கள்? அட்டவணையில் போட்ட பிளாக் நேரமா (விமானம் கேட்டிலிருந்து நகர்ந்தது முதல் போய்ச் சேர்ந்த இடத்தில் நிற்கும் வரை), உண்மையில் ஆன பிளாக் நேரமா? இங்கேதான் பேஸ் உள்ளே வருகிறது. மும்பையில் இரண்டு ஓடுதளங்களும் ஒன்றையொன்று வெட்டிச் செல்பவை, இரண்டையும் ஒரே நேரத்தில் முழுவீச்சில் ஓட்ட முடியாது. மழைக்காலத்தில் வானத்தில் சுற்றுவதும், டாக்ஸிவேயில் வரிசையில் நிற்பதும் அங்கே அன்றாடம். உண்மை நேரத்துக்குப் பணம் என்றால் அந்தக் காத்திருப்புக்கும் கூலி உண்டு. அட்டவணை நேரம் என்றால் ஊருக்கு உழைத்ததாக வைத்துக்கொள்ள வேண்டியதுதான். 'இரண்டில் எது அதிகமோ அது' என்ற வரி இருந்தால் அதைவிட நல்லது இல்லை. டெல்லியின் டிசம்பர், ஜனவரி மூடுபனி வேறு மாதிரி. விமானம் கேட்டிலேயே நிற்கும்போது பிளாக் நேரம் தொடங்குவதே இல்லை, உங்கள் பணிநேரம் மட்டும் கரைந்துகொண்டிருக்கும். பெங்களூரில் இணையான இரண்டு ஓடுதளங்கள் இருப்பதால் இந்த இரண்டு தலைவலியும் குறைவு. டெட்ஹெட், அதாவது பயணியாக உட்கார வைத்து வேறு ஊருக்கு அனுப்புவது, பணிநேரத்தில் சேரும். பறக்கும் நேரத்தில் சேராது. அதற்கு என்ன விகிதம், அது உறுதி மணிக்குள் கழிகிறதா, தனியா என்பதையும் கேட்டு வாங்குங்கள்.

சரி, பேஸ். உங்களுக்குப் பெங்களூர் வேண்டும் என்றால் ஆஃபர் கடிதத்தில் 'தற்போதைய பேஸ்: பெங்களூர்' என்று இருப்பது போதாது. ஹோம் பேஸை நியமிப்பது நிறுவனம். 'நிறுவனத்தின் தேவைக்கேற்ப எங்கும் மாற்றலாம்' என்ற வரி ஏறக்குறைய எல்லா ஒப்பந்தத்திலும் இருக்கும். அதை எடுக்க மாட்டார்கள். குறைந்தது எத்தனை மாதம் மாற்ற மாட்டார்கள், மாற்றினால் எத்தனை நாள் முன்னறிவிப்பு, வீடு மாற்றும் செலவு யாருடையது, தற்காலிகமாக அனுப்பினால் ஓட்டலும் படியும் உண்டா என்பவற்றைத்தான் எழுதி வாங்க முடியும். மும்பைக்கு இன்னொரு கேள்வி. 2025 டிசம்பர் 25 முதல் நவி மும்பை விமான நிலையமும் இயங்குகிறது. 'மும்பை பேஸ்' என்றால் எந்த நிலையம்? மரோலில் வீடு பிடித்துவிட்டு அதிகாலை 4 மணிக்கு நவி மும்பை நிலையம் இருக்கும் உல்வே பக்கம் ரிப்போர்ட் செய்ய வேண்டியிருந்தால் வண்டி அவர்கள் அனுப்புவார்களா?

குடும்பம் பெங்களூரில் இருக்கட்டும், நான் மும்பைக்கோ டெல்லிக்கோ போய் வருகிறேன் என்ற யோசனை உங்கள் மனசில் இருக்கும் என்று நினைக்கிறேன். பலர் செய்கிறார்கள். வீட்டுக்கும் பேஸுக்கும் இடையே நீங்களாகப் பயணம் செய்யும் நேரம் பணிநேரத்தில் சேராது, பணமும் இல்லை. ஊழியர் டிக்கெட்டில் இடம் கிடைத்தால்தான் ஏற்றுவார்கள். தீபாவளி, பொங்கல் வாரத்தில் கேட்கவே வேண்டாம். ஸ்டாண்ட்பை நாளில் பேஸ் ஊரில் இருந்தாக வேண்டும், ஆகவே அங்கேயும் ஓர் அறை வாடகை. 14,400 ரூபாய் அந்த அறைக்கே காணாது. 48 மணி ஓய்வில் பாதி விமான நிலையத்தில் போகும் என்பது அதற்கு மேல்.

தொழில் வரியைப் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். கர்நாடகத்திலும் மகாராஷ்டிரத்திலும் வருடத்துக்கு 2,500 ரூபாய், டெல்லியில் இல்லை. இதை வைத்து ஊரை முடிவு செய்யாதீர்கள். புதிய வரிமுறையில் வீட்டு வாடகைப் படிக்கு விலக்கே கிடையாது என்பதால் அதில் ஊருக்கு ஊர் வித்தியாசமும் உங்களைத் தொடாது.

டெல்லி ஆஃபரைத்தான் நான் கொஞ்சம் நின்று பார்ப்பேன். காகிதத்தில் அது மோசமில்லை, 40 மணி மாதத்திலும் 2.40 லட்சம் நிற்கிறது. ஆனால் உங்கள் வயதில் வருமானத்தைப் புரட்டிப் போடுவது கமாண்ட், அதாவது கேப்டன் பதவி. நம் ஊர் நிறுவனங்களில் கேப்டன் சம்பளம் கோ-பைலட்டைப்போல இரண்டு மடங்குக்கு மேல். கமாண்ட் ஒரு வருடம் தள்ளிப்போனால் நழுவும் தொகைக்கு முன் 35,000 வித்தியாசம் ஒன்றுமே இல்லை. வைட்பாடியில் கோ-பைலட்டாக உட்கார்ந்தால் கமாண்ட் பொதுவாகத் தாமதமாகத்தான் வரும். நீண்ட பயணங்களால் தரையிறக்கங்களும் குறைவு. 320ல் சீக்கிரம் கேப்டனாகிவிட்டு அப்புறம் பெரிய விமானத்துக்குப் போவது பணக் கணக்கில் மேல் என்பது என் கருத்து. நியூயார்க், லண்டன் பறக்கும் ஆசை இருந்தால் அது வேறு விஷயம், ஆசைக்குக் கணக்கு கிடையாது. மூன்று இடங்களிலும் கேளுங்கள்: சீனியாரிட்டி பட்டியல் நிறுவனம் முழுமைக்கும் ஒன்றா, விமான வகைக்கு ஒன்றா, பேஸுக்கு ஒன்றா? பெங்களூரில் கமாண்ட் காலியிடம் இல்லை, கேப்டனாக வேண்டுமென்றால் டெல்லிக்கு வா என்று பிறகு சொல்வார்களானால் இன்றைக்கே தெரிந்துகொள்வது நல்லது.

பாண்ட் செல்லாது என்று காக்பிட்டில் பேசிக்கொள்வதை நம்பாதீர்கள். 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம், குறைந்தபட்சப் பணிக்காலத்துக்கு முன் விலகினால் இழப்பீடு என்ற நிபந்தனையை ஏற்றுக்கொண்டது. தொகை நியாயமானதா என்று வாதாடலாம், அவ்வளவுதான். நீங்கள் பேரம் பேச வேண்டியது, 20 லட்சம் மாதாமாதம் குறைந்துகொண்டே வருமா, 35வது மாதத்திலும் முழுத் தொகையா என்பதைத்தான். பயிற்சியில் தேறாவிட்டால், மெடிக்கல் தகுதி போய்விட்டால், நிறுவனமே வெளியே அனுப்பினால் பாண்ட் பொருந்துமா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தத் தகுதி போனால் தரும் காப்பீடு இருக்கிறதா, எவ்வளவு என்பது சம்பளத் தொகைக்குச் சமமான விஷயம். மூன்று ஆஃபரிலும் அதைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை.

வழக்கு எந்த ஊரில் நடக்கும் என்ற வரியையும் படியுங்கள். 2023ல் நோட்டீஸ் முடிக்காமல் போன விமானிகளில் சிலர்மீது ஆகாசா ஏர் வழக்குப் போட்டபோது, வழக்கு மும்பையில் நடக்கலாமா என்பதே முதல் சண்டை. நடக்கலாம் என்றது பம்பாய் உயர் நீதிமன்றம். பேஸ் பெங்களூர் என்பதால் கோர்ட்டும் பெங்களூர் என்று எண்ண வேண்டாம்.

இப்போதைக்கு என் ஓட்டு பெங்களூருக்கு, விடுப்பில் உறுதி மணி குறையாது என்று எழுதித் தந்தால். மும்பைக்காரர்கள் 40ஐ 60 ஆக்கினால் மறுபடி எழுதுங்கள், கணக்கு மாறும். 2,400க்கு 60 என்றால் உறுதியே 2.44 லட்சம்.

எதை எடுத்தாலும் தேதியைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். 2017ல் வந்த டிஜிசிஏ விதிப்படி கோ-பைலட்டுக்கு நோட்டீஸ் ஆறு மாதம், கமாண்டருக்கு ஒரு வருடம். இப்போதைய நிறுவனம் முன்கூட்டியே என்ஓசி (தடையில்லாச் சான்று) கொடுத்தால்தான் அது குறையும். புதிய நிறுவனம் மூன்று மாதத்தில் சேரச் சொல்லியிருந்தால், தாமதமானாலும் இதே சம்பளமும் இதே சீனியாரிட்டி இடமும் நிற்கும் என்று மின்னஞ்சலில் உறுதி வாங்கிய பிறகே ராஜினாமா கடிதம் கொடுங்கள். கொடுத்த கடிதத்துக்குத் தேதியிட்ட ஒப்புகையையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஆறு மாதம் எண்ணத் தொடங்குவது அன்றிலிருந்துதான்.