இரண்டாவது எபிசோடில் எழுந்து போனேன்

வணக்கம் மேடம்,

நீடாமங்கலம் பக்கத்தில் ஒரு கிராமம். எனக்கு வயது 28. அப்பா இல்லை, நாலு ஏக்கர் நிலத்தை நான்தான் பார்க்கிறேன். தம்பி காலேஜ் இரண்டாம் ஆண்டு. பிரச்சினை அவனுடைய செல்போன்தான். எப்போது பார்த்தாலும் ஜப்பான் கார்ட்டூன். 'ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்: பிரதர்ஹுட்' என்று ஒன்று, 64 எபிசோடு. முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து பார்க்கிறான். ராத்திரி ஒரு மணிக்கும் அவன் அறையில் வெளிச்சம். குறுவை நடவுக்கு ஆள் கிடைக்காமல் நான் அலைகிறேன். இவன் படுத்துக்கொண்டு மந்திரம், மாயம் என்று பார்க்கிறான். காலேஜ் ஃபீஸ், செல்போன், ரீசார்ஜ் எல்லாம் என் காசு. ஒரு குறை வைத்ததில்லை. அப்படியும் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

"ஒரு எபிசோடாவது என்கூட உட்காந்து பாருண்ணே" என்று நச்சரித்தான். உட்கார்ந்தேன். இரண்டாவதில், செத்துப்போன அம்மாவை உயிர்ப்பிக்க அண்ணனும் தம்பியும் செய்யக்கூடாத வித்தையைச் செய்கிறார்கள். அண்ணனுக்குக் கால் போகிறது, தம்பிக்கு உடம்பே போகிறது. கரண்டு வந்த நேரம், மோட்டார் போட வேண்டியிருந்தது, எழுந்து போய்விட்டேன். (தம்பிக்கும் காலில் பிளேட் வைத்திருக்கிறது, கொஞ்சம் சாய்ந்துதான் நடப்பான். அவனுக்கு 13 வயதில், மேட்டூர் திறந்து புதுத்தண்ணீர் வந்த சமயம், அம்மா வேண்டாம் என்று சொல்லியும் நான்தான் கோரையாற்று மதகுக்கு, நாங்கள் சட்ரஸ் என்போம், குளிக்கக் கூட்டிப்போனேன். அது பழைய கதை.) அதற்கப்புறம் அவன் என்னைக் கூப்பிடவே இல்லை. வீம்பு. படிக்கிற வயதில் இந்தக் கார்ட்டூன் பைத்தியத்தை எப்படி நிறுத்துவது? ரீசார்ஜ் செய்வதை நிறுத்திவிடலாமா?

பெயர் வேண்டாம்.

அன்பு நண்பருக்கு,

செல்போனைப் பற்றி இவ்வளவு எழுதிய நீங்கள், சட்ரஸை மட்டும் அடைப்புக்குறிக்குள் வைத்துவிட்டீர்கள். நான் அதைத்தான் நாலைந்து முறை படித்தேன். அங்கே 'நான்தான்' என்று எழுதியிருக்கிறீர்கள்.

ராத்திரி ஒரு மணிவரை விழிப்பது உடம்புக்கு ஆகாது, அதை அவனிடம் சொல்லுங்கள். சரி, செல்போன் பேச்சு அவ்வளவுதான்.

என்னிடம் வரும் பிள்ளைகள் சொல்லி நானும் அந்தத் தொடரைப் பார்த்தேன். ஹிரோமு அரகாவா வரைந்த படக்கதையிலிருந்து வந்தது. ஹொக்கைடோவில் மாட்டுப் பண்ணையில் வளர்ந்த பெண் அவர். நீங்கள் எழுந்து போனபின் நடந்ததைச் சொல்கிறேன். காலை இழந்து ரத்தத்தில் கிடக்கிற எட்வர்டு, தன் வலது கையையும் ஈடாகக் கொடுத்து, தம்பி ஆல்ஃபோன்ஸின் உயிரை ஓர் இரும்புக் கவசத்தில் கட்டி வைக்கிறான். உள்ளே ஆள் இல்லாத வெறும் கவசம். அதற்குப் பசி கிடையாது, தூக்கம் கிடையாது. அந்தத் தம்பியிடம் எட்வர்டுக்கு ஒன்று கேட்க வேண்டும், கேட்கப் பயம். "என்மேல் உனக்கு வெறுப்பா?" என்பதுதான் அது. அண்ணன் எதையோ மறைக்கிறான் என்று மட்டும் புரிந்த தம்பி, தன் நினைவுகளே அண்ணன் இட்டுக்கட்டியவையோ என்று குழம்பிப்போகிறான். கூடவே வளர்ந்த வின்ரி என்ற பெண் அழுதுகொண்டே போட்டு உடைக்கிறவரை, அண்ணனை அரித்தது எது என்று அவனுக்குத் தெரியாது.

உங்கள் தம்பி இதை ஏன் இரண்டாம் முறை பார்க்கிறான் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அவன் உங்களைப் பக்கத்தில் உட்காரச் சொன்னான். பழி சொல்ல நினைப்பவன் அப்படி நச்சரிக்க மாட்டான். அந்தக் கட்டத்தில் நீங்கள் எழுந்து போனதும் அவன் என்ன நினைத்திருப்பான்? என் காலைப் பற்றிய பேச்சே அண்ணனுக்கு ஆகாது என்றுதானே? அதை வீம்பு என்று எழுதியிருக்கிறீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், இதில் நான் தம்பி பக்கம்தான்.

ஃபீஸ், செல்போன், ரீசார்ஜ் என்று கணக்குச் சொல்கிறீர்கள். கடனை அடைக்கிற மாதிரி கட்டிவருகிறீர்கள். அவன் எந்தக் கடனையும் கேட்கவில்லையே. புதுத்தண்ணீர் வந்தால் ஊரே ஆற்றங்கரைக்கு ஓடும். அன்று உங்களுக்கும் 22 வயதுதான். அம்மா சொன்னதை மீறியது தப்பு, இல்லை என்று சொல்லமாட்டேன். அதைவிட எனக்கு வருத்தம், இத்தனை வருஷமாக அவன் வெறுக்கிறான் என்று நீங்களே முடிவு செய்துகொண்டு, அவனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இருப்பது.

ரீசார்ஜை நிறுத்த வேண்டாம். இன்று ராத்திரி அவன் அறைக்குப் போய், "விட்ட இடத்திலேர்ந்து போடுடா" என்று சொல்லி உட்காருங்கள். நான் சொன்ன வின்ரி கட்டம் 9-ஆவது எபிசோடில் வருகிறது. அதுவரைகூடக் காத்திருக்க வேண்டியதில்லை. சட்ரஸ் பேச்சை நீங்களே எடுங்கள். அவன் கோபப்படலாம், அழலாம். கரண்டு வந்தாலும் எழுந்து போகாதீர்கள்.