முனைகளை எண்ணுவதற்கு முன் உடம்பைப் பாருங்கள்: நியூசிலாந்தில் இளம் செம்மானின் கொம்பை மதிப்பிடுவது

கேள்வி: "கிறைஸ்ட்சர்ச்சில் குடியேறி இரண்டு வருடம் ஆகிறது. துப்பாக்கி லைசென்ஸ் கிடைத்துவிட்டது. வரும் ஏப்ரலில் முதல் தடவையாகச் செம்மான் வேட்டைக்குப் போகிறேன். இளம் ஆண் மானில் எது நல்ல கொம்பு, எது சுமார் என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஆறு முனை இருந்தால் சுடலாம் என்று ஒருவர் சொன்னார். சரியா?"

தம்பி, ஆறு முனைக் கணக்கு நம் பக்கத்துக் கடமானுக்குப் பொருந்தும். கடமானுக்கும் புள்ளிமானுக்கும் முழு வளர்ச்சியிலேயே பக்கத்துக்கு மூன்று முனைதான். (கடமான் இங்கேயும் உண்டு. 1875 வாக்கில் இலங்கையிலிருந்து கொண்டுவந்து வட தீவின் மனவாட்டு பகுதியில் விட்டார்கள்.) செம்மான் அப்படியல்ல. ஆறு முனையோடு நிற்கும் செம்மான் பெரும்பாலும் இரண்டு, மூன்று வயதுப் பொடியன். கொம்பு உச்சத்துக்கு வர ஏழெட்டு வயதாவது ஆக வேண்டும். நீங்கள் போகப்போகும் கான்டர்பரி மலைகளில், குறிப்பாக ரக்காயா ஆற்றின் மேல்பகுதியில், 1897-ல் இங்கிலாந்தின் ஸ்டோக் பார்க்கிலிருந்து வந்த மான்களின் வழி இருக்கிறது. நல்ல கொம்பு அந்த ரத்தத்திலேயே உண்டு. மூன்றாம் வயதில் சுட்டுவிட்டால் அது வெளியே தெரிய வாய்ப்பில்லை.

இங்கே மானைத் தின்னும் விலங்கு எதுவும் கிடையாது. பொது நிலத்தில் பெரும்பாலான இடங்களில் செம்மானுக்கு வேட்டைப் பருவம், எண்ணிக்கை வரம்பு என்று எதுவும் இல்லை. எதைச் சுடுவது, எதை விடுவது என்பது முழுக்க உங்கள் கையில்தான். அதனால் முதலில் வயது, பிறகு கொம்பு. இந்த வரிசையை மாற்றவே மாற்றாதீர்கள்.

வயதை உடம்பு சொல்லும். இளம் மானுக்குக் கழுத்து மெலிவு, தலை எப்போதும் உயரத் தூக்கியபடி இருக்கும். வயிறு ஒட்டியிருக்கும், கால்கள் உடம்புக்கு மீறி நீளமாகத் தெரியும். முதிர்ந்த மானுக்குக் கனமெல்லாம் முன்பக்கம்: தடித்த கழுத்து, பிடரி மயிர், ஆழமான மார்பு, தொங்கும் வயிறு. நடக்கும்போது தலையை முதுகு மட்டத்துக்குத் தாழ்த்திக்கொண்டு போகும். அடுத்து, மண்டையில் கொம்பு முளைக்கும் எலும்பு மேட்டைப் பாருங்கள். இளசுக்கு அது ஒல்லியாக, உயரமாக இருக்கும். ஒவ்வொரு வருடமும் கொம்பு விழும்போது அந்த எலும்பிலும் கொஞ்சம் போவதால், கிழட்டு மானுக்குக் கொம்பு மண்டையிலேயே உட்கார்ந்திருப்பதுபோல் தெரியும்.

இதில் ஏமாற்றும் விஷயங்கள் உண்டு. சேற்றில் புரண்டு வந்த இளம் மான் கறுத்து, பெரிதாகத் தெரியும். கொம்பில் பெரணியும் புல்லும் சிக்கியிருந்தால் இல்லாத முனைகளை எண்ணிவிடுவோம். இதற்கு நேர்மாறு ஏப்ரல் கடைசியில் நடக்கும்: மூன்று, நான்கு வாரம் சரியாக மேயாமல் பெட்டைகளைச் சுற்றியே அலைந்த பெரிய ஆண், எடை இறங்கி வயிறு ஒட்டி, பின்னாலிருந்து பார்க்க இளசுபோல இருக்கும். அப்போது வயிற்றை நம்பாமல் கழுத்தையும் முகத்தையும் பாருங்கள். குரலை வைத்து வயது சொல்பவர்களும் உண்டு. அதை நான் நம்புவதில்லை. சின்ன மானும் சில சமயம் பாறை அதிர உறுமும்.

இனி கொம்புக்கு வருவோம். நவம்பர் கடைசி, டிசம்பரில் பிறக்கும் ஆண் குட்டி, அடுத்த வருடத்துக்கு அடுத்த மார்ச்சில் பதினைந்து, பதினாறு மாதத்தில் வெறும் இரண்டு குச்சியோடு நிற்கும். இதைத்தான் ஸ்பைக்கர் என்கிறார்கள். அளவுகோல் காது: ஏறக்குறைய ஒரு சாண் நீளம். காதைத் தாண்டி நன்றாக உயர்ந்த குச்சியும், நுனியில் பிரிந்த குச்சியும் நல்ல அறிகுறி. ஆனால் காதுக்குக் கீழே நின்ற குச்சியை மட்ட ரத்தம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. முதல் கொம்பு குட்டியின் உடல் எடையைப் பொறுத்தே முளைக்கத் தொடங்கும். தாமதமாகப் பிறந்தது, தாய்க்குப் பால் போதாதது, பனிக்காலத்தில் மேய்ச்சல் இல்லாதது, மான் நெருக்கம் மிகுந்த பள்ளத்தாக்கு, இவற்றில் எதுவானாலும் குச்சி குட்டையாகும்.

ஸ்பைக்கரில் தவறாமல் பார்க்க வேண்டியது அடிவளையம். முதல் கொம்புக்கு அடியில் கரடுமுரடான வளையம் இருக்காது, குச்சி வழவழவென்று மண்டை மேட்டிலிருந்து நேராக எழும். வளையத்தோடு வெறும் குச்சி மட்டும் இருந்தால் அது இரண்டாவது கொம்போ அதற்குப் பிந்தியதோ. அந்த வயதிலும் கிளைக்கவில்லை என்றால் பின்தங்கிய மான்தான், இறைச்சிக்கு எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டாம், மூன்றாம் கொம்பில்தான் தவறான தீர்ப்புகள் அதிகம். கிளைகளுக்கு இங்கே வழங்கும் பெயர்கள் கீழிருந்து பிரௌ, பே, ட்ரே. அதற்கு மேலே உச்சி. பே இல்லாத நல்ல மான்கள் ஏராளம் என்பதால் அது இல்லாததைக் குறையாக எடுக்காதீர்கள். நான் முதலில் பார்க்கச் சொல்வது தண்டின் நீளம், அடுத்து ட்ரேக்கு மேலும் தண்டு கனம் குறையாமல் போகிறதா என்பது. மெல்லிய தண்டில் பத்து முனை வைத்திருப்பதைவிட, நீண்ட தடித்த தண்டில் ஆறு முனை வைத்திருக்கும் இளசுக்கே எதிர்காலம் அதிகம். முனைகளின் எண்ணிக்கை அந்த வருட மேய்ச்சலுக்கு ஏற்ப ஏறி இறங்கும். பிரௌ நீளமாக, முன்னோக்கி வளைந்து வந்தால் நல்லது. உச்சியில் இரு பக்கமும் மூன்று முனையாகப் பிரிந்து கிண்ணம்போலத் தொடங்கியிருந்தால், அந்த மானை எந்தக் காரணத்துக்காகவும் சுடாதீர்கள்.

ஒரு பக்கம் மட்டும் கோணலாக இருந்தால் அவசரப்பட வேண்டாம். வெல்வெட் பருவத்தில், அதாவது கொம்பு மென்தோல் போர்த்தி வளரும் காலத்தில், அடிபட்ட கொம்பு அடுத்த வருடம் சரியாக வரலாம். பின்காலில் பலத்த காயம் பட்ட மானுக்கு எதிர்ப்பக்கக் கொம்பு கோணுவதும் உண்டு, அதனால் நொண்டுகிறதா என்று பாருங்கள். முனை குறைவாக இருந்தும் அடித்தண்டு மிகத் தடித்து, கழுத்தும் கனத்திருந்தால் அது இறங்குமுகத்தில் இருக்கும் கிழட்டு மான். சுட ஏற்றது அதுதான்.

பார்க்கும் முறை: எட்டு அல்லது பத்து மடங்கு பைனாகுலர். துப்பாக்கி ஸ்கோப்பில் தேடவே கூடாது, அந்தப் பக்கம் இருப்பது மனிதராகவும் இருக்கலாம். பக்கவாட்டில் நீளமும் பிரௌவும் தெரியும், நேராகப் பார்க்கும்போது அகலமும் உச்சியும் தெரியும், திரும்பிப் போகும்போது அகலம் இன்னும் தெளிவாகும். மூன்றில் இரண்டு கோணமாவது கிடைக்காமல் முடிவெடுக்காதீர்கள். ரோர் காலத்தில், அதாவது ஆண் மான்கள் உறுமிப் பெட்டைகளைத் தேடும் இணைசேரும் பருவத்தில், நீங்கள் உறுமிக் கூப்பிட்டால், சத்தமில்லாமல் முதலில் வந்து நிற்பது பெரும்பாலும் இளசுதான். பெரியது பெட்டைகளோடு பின்னால் இருக்கும். வேறொரு வேட்டைக்காரர் உறுமுவதும் மான் உறுமுவதுபோலவே கேட்கும். சத்தத்தையோ அசைவையோ நிறத்தையோ குறிவைக்காதீர்கள். முழு உடம்பும் மான் என்று சந்தேகமறத் தெரியும்வரை பொறுங்கள்.

வீட்டுக்கு இறைச்சிதான் வேண்டும் என்றால் ஆண் மானே தேவையில்லை. குட்டி போடாத ஒன்றரை வயதுப் பெட்டையின் கறி மிருதுவாக இருக்கும். மான் தொகையைக் குறைப்பதும் பெட்டையைச் சுடுவதுதான். அதனால் மேய்ச்சல் பெருகி, மிஞ்சியவற்றின் கொம்பும் தேறும். அது கிடைக்காவிட்டால் காதுக்குக் கீழே குச்சி வைத்த ஸ்பைக்கர். அந்த இறைச்சியை விற்கச் சட்டம் இடம் தராது, வீட்டிலும் நண்பர்களோடும் பகிர்ந்து உண்ணலாம்.

ஒன்றைச் சுட்ட பிறகு கீழ்த்தாடையைக் கட்டாயம் எடுத்து வாருங்கள், கண்ணைப் பழக்க வேறு வழியில்லை. முன்னிருந்து மூன்றாவது கடைவாய்ப் பல் மூன்று மேடாக இருந்தால் இன்னும் பால்பல், அதாவது சுமார் இரண்டு வயதுக்குள். இரண்டு மேடாக மாறியிருந்தால் அதைத் தாண்டியது. அதற்கு மேற்பட்ட வயதுக்கு, அடுத்துள்ள நான்காவது பல்லை நெடுக்காக அறுத்து, வேர்களுக்கு நடுவில் படிந்த வளையங்களை எண்ணலாம். தாடையை அதிக நேரம் வேகவைத்தால் பற்கள் கழன்று விழும். சதை பிரியும் அளவுக்கு மட்டும் கொதிக்க விட்டு, காய்ந்ததும் இடத்தையும் தேதியையும், சுடுவதற்கு முன் நீங்கள் கணித்த வயதையும் அதன்மேலேயே பென்சிலால் எழுதி வையுங்கள்.